குவேக்கர் வீடுகளில் நோயும் அன்றாடமும்

குவேக்கர் வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் ஆள் அனுப்பிப் பாதிரியாரை அழைத்துவர முடியாது. அந்தச் சபையில் சம்பளம் வாங்கும் பாதிரியார் என்று ஒருவர் கிடையாது. ஞானஸ்நானம், நற்கருணை, சாகும் தறுவாயில் எண்ணெய் பூசுதல் போன்ற சடங்குகளையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றித் திரண்ட இவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். 'நடுங்குகிறவர்கள்' என்று பொருள்படும் குவேக்கர் என்ற பெயர் மற்றவர்கள் கேலியாக வைத்தது. இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இருக்கிறது, அதை அறிய இடையில் ஆள் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. வழிபாட்டுக்கு ஒரு கூடத்தில் கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளத்தில் சொல் எழுந்தால் அவர் எழுந்து பேசுவார்; அவர் பெண்ணாகவும் இருக்கலாம். நோயாளியின் அறையிலும் இதே முறைதான். அக்கம்பக்கத்து நண்பர்கள் வந்து கட்டிலருகே நாற்காலியைப் போட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிலநேரம் யாராவது ஜெபம் செய்வார்கள், பெரும்பாலும் அதுவும் இருக்காது. கோயிலும் குருவும் செய்திருக்க வேண்டியதை வீடும் உறவும் செய்தன. வீட்டுக்குள் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது.

இவர்களுடைய அன்றாடத்தின் வெளித்தோற்றம் பலருக்கும் தெரிந்ததே: சாயம் குறைந்த எளிய உடை, சரிகையும் பின்னல் கரையும் இல்லாத தொப்பி, நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மறுப்பு, எந்தப் பிரபுவின் முன்னும் தொப்பியைக் கழற்றாத பிடிவாதம். பேச்சு வழக்கைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. அக்கால ஆங்கிலத்திலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு இருந்தது. மேலானவர்களை 'நீங்கள்' என்பதே மரியாதை. குவேக்கர்கள் அரசனையும் 'நீ' என்றார்கள், வேலைக்காரியையும் 'நீ' என்றார்கள். கிழமைகளின் பெயரிலும் மாதங்களின் பெயரிலும் பழைய தெய்வங்கள் ஒளிந்திருப்பதாகக் கருதியதால் அவற்றை எண்ணால் மட்டுமே குறித்தார்கள். ஞாயிறு 'முதல் நாள்', வியாழன் 'ஐந்தாம் நாள்'. 1752 வரை ஆங்கில நாட்காட்டியில் ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அதுவரை மார்ச்சுதான் 'முதல் மாதம்'. நாட்காட்டி மாறியதும் ஜனவரி அந்த இடத்துக்கு வந்தது. பழைய குவேக்கர் பதிவுகளைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவது சகஜம்.

பதிவுகள் என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சடங்குகளைக் கைவிட்ட இவர்கள் கணக்கு வைப்பதைக் கைவிடவில்லை. ஞானஸ்நானம் இல்லாததால் குழந்தையின் பிறப்பு மாதாந்தரக் கூட்டத்தின் ஏட்டில் ஏறியது. மணவிழாவில் வந்திருந்தவர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இறப்பும் அடக்கமும் தேதியோடு எழுதப்பட்டன. ஒரு குடும்பத்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை எந்த வயதில் போயின என்பதை இவ்வளவு ஒழுங்காகக் காட்டும் ஏடுகள் அக்காலத்தில் அதிகம் இல்லை. மக்கள்தொகை வரலாற்றை ஆராய்கிறவர்கள் குவேக்கர் ஏடுகளைத் தேடிப்போவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்கப் புரட்சிக் காலத்திலேயே நடுக் காலனிகளின் குவேக்கர் குடும்பங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது என்று ராபர்ட் வெல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் கண்டறிந்ததும் இந்த ஏடுகளிலிருந்துதான்.

ஆனால் ஏடு தேதியைத்தான் சொல்லும். இடைப்பட்ட இரவுகளில் நடந்ததைத் தெரிந்துகொள்ள நாட்குறிப்புகளிடம்தான் போக வேண்டும். மௌனத்தைப் பழகிய இந்தச் சமூகம் நாட்குறிப்பு எழுதுவதையும் ஒரு பழக்கமாக வளர்த்தது. பெரும்பாலானவை ஆன்மாவின் ஏற்ற இறக்கங்களைப் பற்றியவை. பிலடெல்பியாவைச் சேர்ந்த எலிசபெத் டிரிங்கரின் நாட்குறிப்பு வேறு வகை. 1758இல் தொடங்கி 1807இல் இறக்கும் தறுவாய் வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் எழுதினார். அதில் கடவுளைவிடக் காய்ச்சலும் வயிற்றுவலியும்தான் அதிகம் வருகின்றன. 1889இல் வழித்தோன்றல் ஒருவர் அதிலிருந்து சில பகுதிகளை அச்சிட்டார். முழுமையான பதிப்பு 1991இல்தான் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டுக் குவேக்கர் வீட்டின் உள்ளறையை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் ஆவணம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

அந்த வீடு இருந்த நகரமே ஒரு குவேக்கரின் திட்டம். வில்லியம் பென் 1681இல் அரசரிடம் பட்டயம் பெற்று அடுத்த ஆண்டு 'வெல்கம்' என்ற கப்பலில் வந்தார். நடுக்கடலில் பெரியம்மை கிளம்பி, ஏறிய நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேரைக் கொண்டுபோயிற்று. பென்னுக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவர் அச்சமின்றி நோயாளிகளைக் கவனித்தார். 1665இல் லண்டனைப் பிடித்த கொள்ளைநோயும் அடுத்த ஆண்டு வந்த பெருந்தீயும் அவர் நினைவில் இருந்தன. அகலமான நேர்த்தெருக்களும் வீட்டைச் சுற்றித் தோட்டமும் உள்ள ஊராகப் பிலடெல்பியாவை வகுத்தார். வணிகர்கள் அப்படி விடவில்லை. எல்லோருக்கும் டெலவேர் ஆற்றங்கரைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது. மனைகளைத் துண்டுபோட்டுச் சந்துகள் விட்டார்கள். தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவு ஓடையை நாறடித்தது.

ஆற்றை ஒட்டிய அந்த முதல் தெருவில், தங்கள் பெயரே கொண்ட சந்தின் முனையில், 1771 முதல் டிரிங்கர் குடும்பம் வாழ்ந்தது. எலிசபெத் 1735இல் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்திய அந்தோனி பெனிசெட்டிடம் படித்தவர். 1756இல் தாயையும் தந்தையையும் இழந்தார். 1761ஆம் ஆண்டின் 'முதல் மாதம்' 13ஆம் நாள் ஹென்றி டிரிங்கர் என்ற வணிகரை மணந்தார். திருமணமாகாத அக்காள் மேரியும் கூடவே வந்து கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார். சமையல், சாமான், வேலையாட்கள் ஆகிய குடும்பப் பொறுப்பை மேரி எடுத்துக்கொண்டதால்தான் எலிசபெத்துக்குப் படிக்கவும் எழுதவும் நேரம் கிடைத்தது. நாட்குறிப்பின் புகழில் எழுதாத அந்த அக்காளுக்கும் பாதி உண்டு. எலிசபெத் தையலிலும் பின்னலிலும் கைதேர்ந்தவர். இளமைக் கால ஏடுகளில் முடித்த பணப்பைகளும் காலுறைப் பட்டைகளும் கணக்காக நிற்கின்றன. தேநீருக்கு வந்தவர்கள், வாரத்துக்கு இருமுறை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனவர்கள், போகாதவர்கள் எல்லோரையும் அவர் குறித்தார். வயது ஏற ஏறப் போகாதவர்கள் பட்டியலில் அவர் பெயரே அதிகம் வந்தது. உடல்நலக் குறைவு ஒரு காரணம்; வீட்டில் இருப்பதில் இருந்த விருப்பமும் சேர்ந்ததுதான் என்று வாசிப்பவருக்குத் தோன்றும்.

அவருக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் ஐந்து பேர் பெரியவர்களானார்கள். அன்றைய கணக்கில் இது மோசமான விகிதம் அல்ல. கைக்குழந்தையாக இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகள் சுருக்கமானவை. கடைசிப் பிள்ளை சார்லஸின் மரணம் மட்டும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. எலிசபெத்தின் 46ஆம் வயதில் பிறந்த அந்தக் குழந்தை பலவீனமாக இருந்து, விடாத கவனிப்பால் தேறி, நன்றாக வளர்ந்துவிடுவான் என்ற நம்பிக்கை வந்த சமயத்தில் நெஞ்சில் சளி கட்டியது. எப்படியாவது அது வெளியேறாவிட்டால் பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் ஜான் ரெட்மன் ஒரு மென்மையான வாந்தி மருந்தைக் கொடுக்கச் சொன்னார். மருந்து குழந்தையை உலுக்கியதே தவிர வேலை செய்யவில்லை. இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம் கழித்து உயிர் போய்விட்டது. 1784 மார்ச்சில் நடந்த இந்தச் சாவைத் தாய் எழுதிவைத்தபோது குழந்தையின் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று கணக்கிட்டார்: 2 ஆண்டு, 7 மாதம், 1 நாள். மருத்துவரைப் பழித்து ஒரு சொல் இல்லை. குவேக்கர்கள் துக்கத்தை உரக்கக் காட்டுவதை இறைவனின் விருப்பத்துக்கு எதிரான முறையீடாக எண்ணினார்கள். கறுப்புத் துக்க உடைகூட அணிவதில்லை. அழுகையை அடக்கிய கை அந்த ஒரு நாளைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறது.

அக்கால மருத்துவத்தின் உள்ளர்த்தம் ஒன்றுதான்: உடம்பில் தேங்கியதை வெளியேற்று. கையில் இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் எடுப்பது, பேதி, வாந்தி, வியர்வை, தோலில் பற்றுப்போட்டுக் கொப்புளம் எழுப்பி நீரை வடிப்பது என எல்லாம் இதன் கிளைகள். குவேக்கர்கள் இதில் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கவில்லை. ஜெபத்தால் மட்டுமே நோய் தீரும் என்ற பிரிவினரும் அல்ல அவர்கள். தொடக்கத்தில் ஃபாக்ஸ் பல நோயாளிகளைக் குணப்படுத்தியதாக ஒரு அற்புதங்களின் நூல் இருந்தது. அது தொலைந்துபோய் அதன் அட்டவணை மட்டும் மிஞ்சியது. அடுத்த தலைமுறைகள் அதை அச்சிட்டுப் பரப்ப ஆர்வம் காட்டவில்லை. 18ஆம் நூற்றாண்டுக் குவேக்கர் வீட்டு அலமாரியில் விளக்கெண்ணெயும் சிங்கோனா பட்டைத் தூளும் அபின் கரைசலும் இருந்தன. குழந்தைகளுக்குப் பூச்சி மருந்து, பெரியவர்களுக்குப் பேதி மருந்து என்று டிரிங்கர் வீட்டில் மருந்து புழங்காத வாரம் அரிது. எலிசபெத் மருத்துவ நூல்களையும் படித்தார். மருத்துவரை அழைப்பதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் பார்க்கக்கூடியதைப் பார்த்துவிடுவார்கள். மருத்துவர் வந்த பிறகும் இரவெல்லாம் கண்விழிப்பது அக்காள், தங்கை, மகள், அண்டை வீட்டுத் தோழி, பணிப்பெண் ஆகியோர்தான். இந்தக் கண்விழிப்பு ஒரு கைமாற்றுக் கடன் போல வீடு விட்டு வீடு நடந்தது.

குளியலுக்கு அன்றாடத்தில் இடம் இல்லை. அது மருத்துவத்தின் வகையில் சேர்ந்தது. 1798இல் டிரிங்கர் வீட்டுப் பின்கட்டில் தலைக்கு மேலிருந்து நீர் கொட்டும் பெட்டி ஒன்று நிறுவப்பட்டது. வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்த, எலிசபெத் ஓராண்டு தயங்கினார். 1799 ஜூலையில் உள்ளே நுழைந்து வெளியே வந்தவர், எதிர்பார்த்ததைவிடத் தாங்கிக்கொண்டதாகவும், உடம்பு முழுவதும் ஒருசேர நனைவது 28 ஆண்டுகளில் இதுவே முதல்முறை என்றும் எழுதினார். தினம் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். அந்த 28 ஆண்டுகளும் அவர் அழுக்காக இருந்தார் என்று அர்த்தமில்லை. துணியால் துடைப்பதும் உள்ளாடையை மாற்றுவதுமே அன்று சுத்தம்.

மகப்பேறு இந்த வீடுகளில் நோய்க்கு மிக அருகில் இருந்த நிகழ்வு. பெண்களும் மருத்துவச்சியும் மட்டும் சூழ்ந்திருந்த பேறுகால அறைக்குள் 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஆண் மருத்துவர் நுழைந்தார். பிலடெல்பியாவில் அந்த மாற்றத்தின் முன்னோடி வில்லியம் ஷிப்பன். எலிசபெத்தின் மூத்த மகள் சாலியின் பிரசவங்களை அவரே கவனித்தார். வலி நீண்டபோது இரத்தம் எடுத்தார், அபின் கொடுத்தார். 1799 அக்டோபரில் சாலி மீண்டும் வலியில் கிடந்தாள். அன்று அவளுடைய பிறந்தநாள். 38 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் இவளைப் பெற்ற வேதனையைத் தாய் நினைத்துக்கொண்டார். மகள் அழுதாள். இந்தக் குழந்தைக்கு இரண்டு ஆண்டு தாய்ப்பால் கொடுத்துவிட்டால் இதுவே கடைசிப் பிரசவமாக இருக்கலாம் என்று சொல்லித் தாய் தேற்றினார். தாய்ப்பால் கொடுக்கும்வரை அடுத்த கரு தள்ளிப்போகும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. அதை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள் என்பதற்கு இந்த ஒரு பத்தியே போதும். வெல்ஸ் ஏடுகளில் எண்ணாகக் கண்ட சரிவின் உட்பக்கம் இந்த உரையாடலில் தெரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓரிடத்தில், பிள்ளைபெறும் வயதைத் தாண்டி உயிரோடிருக்கும் பெண்களுக்கு அதன் பிறகுதான் வாழ்வின் மிக நிம்மதியான பருவம் வருகிறது என்ற பொருள்படவும் எலிசபெத் எழுதியிருந்தார்.

அரசியல் இந்த வீட்டுக்குள் வந்ததும் பிரிவாகவும் நோயாகவும்தான். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம், புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணமும் செய்ய மாட்டோம் என்ற குவேக்கர்களைப் புரட்சியாளர்கள் சந்தேகித்தார்கள். 1777 செப்டம்பரில் ஹென்றி டிரிங்கர் உட்படச் சுமார் இருபது பேரைப் பிடித்து விசாரணை ஏதுமின்றி வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடுகடத்தினார்கள். பிலடெல்பியாவைப் பிரிட்டிஷ் படை பிடித்தது. டிரிங்கர் வீட்டில் ஒரு படை அதிகாரி வந்து குடியேறினார். குளிர்காலம் முடியும் தறுவாயில் வின்செஸ்டரிலிருந்து வந்த கடிதங்கள் காய்ச்சலையும் சாவையும் பற்றிப் பேசின. தாமஸ் கில்பின் இறந்தார். ஜான் ஹன்ட்டின் காலை வெட்டி எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. பின்னாளில் வாரம் இருமுறை வழிபாட்டுக்குப் போவதற்கே தயங்கிய எலிசபெத், 1778 ஏப்ரலில் வேறு மூன்று பெண்களோடு வண்டியேறி, சேறும் படை வரிசைகளும் கடந்து வேலி ஃபோர்ஜ் முகாமில் ஜார்ஜ் வாஷிங்டனைச் சந்தித்து மனுக் கொடுத்தார். வாஷிங்டன் உணவு அளித்து, பயண அனுமதிச் சீட்டும் கொடுத்து அனுப்பினார். அந்த மாதக் கடைசியில் கைதிகள் வீடு திரும்பினார்கள்.

1793இல் வந்த மஞ்சள் காய்ச்சல் எல்லாவற்றையும் விஞ்சியது. கரீபியனில் செயின்ட் டொமிங்குவிலிருந்து அகதிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கோடை அது. ஆகஸ்டில் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் சாவுகள் தொடங்கின. டிரிங்கர் வீட்டிலிருந்து அது எட்டும் தூரம். நோயைக் கொண்டுசெல்வது கொசு என்று தெரிய இன்னும் நூறாண்டு ஆக வேண்டியிருந்தது. கரையில் கொட்டிக் கிடந்து அழுகிய காப்பிக்கொட்டையின் நாற்றமே காரணம் என்றார் நகரின் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ். ரெட்மனிடம் தொழில் பழகியவர் அவர். பாதரச உப்பால் கடும் பேதியும் ஏராளமான இரத்தம் எடுப்பதும் அவர் சிகிச்சை. மது, சிங்கோனா பட்டை, ஓய்வு என்ற மென்மையான வழியை வேறு மருத்துவர்கள் சொன்னார்கள். செய்தித்தாள்களில் சண்டை நடந்தது. மக்கள் காடியில் நனைத்த துணியை மூக்கில் பிடித்தார்கள், பூண்டைப் பையில் வைத்தார்கள், தார் பூசிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். கைகுலுக்குவது நின்றது. அப்போது நாட்டின் தலைநகராக இருந்த, ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் சுமார் 5,000 பேர் மாண்டார்கள்.

வசதியுள்ளவர்கள் ஓடினார்கள். டிரிங்கர் குடும்பமும் ஜெர்மன்டவுனுக்குப் போனது. அங்கிருந்தபடி எலிசபெத் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பல பக்கங்கள் இழவுச் செய்தி மட்டுமே. நகரத்தில் தங்கிப் பிணம் எடுத்தவர்களும் நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும் பெரும்பாலும் கறுப்பின மக்கள். ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் நடத்திய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் ஆட்களைத் திரட்டியது. கறுப்பர்களுக்கு இந்த நோய் தொற்றாது என்று ரஷ் சொன்னது தவறு, அவர்களும் செத்தார்கள். இரவு விழிப்பை ஒருவருக்கொருவர் கடனாகச் செய்துவந்த குவேக்கர் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கோடையில் அதைச் செய்ய யாரும் எஞ்சவில்லை. ஜான் டாட் என்ற இளம் குவேக்கர் வழக்கறிஞர் பெற்றோரைப் பறிகொடுத்து, அக்டோபர் 24 அன்று தானும் இறந்தார். கைக்குழந்தையும் அதே நாளில் போயிற்று. தப்பிய மனைவி டாலி அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மேடிசனை மணந்தார். சபைக்கு வெளியே மணந்ததற்காக நண்பர்கள் அவரை விலக்கிவைத்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரின் மனைவியாக அவர் புகழ்பெற்றது தனிக் கதை. சாவின் நடுவிலும் சபை தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆண்டுக் கூட்டத்தையும் அவர்கள் எளிதில் விட்டுவிடவில்லை. காய்ச்சல் திரும்ப வந்த 1798இல் அந்தக் கூட்டத்துக்கு வந்துபோன அடிமை எதிர்ப்பாளர் வார்னர் மிஃப்லின் நோய் தொற்றி இறந்தார்.

நோயை இறைவன் அனுப்பிய தூதாக ஏற்பதா, தடுப்பதா என்ற கேள்வியில் குவேக்கர்கள் ஒருமனதாக இல்லை. பெரியம்மைச் சீழைத் தோலில் கீறி ஏற்றி லேசான அம்மையை வரவழைக்கும் முறையை அவர்களில் பெரும்பாலான வணிகக் குடும்பங்கள் ஏற்றன. குவேக்கர் குடும்பத்தில் பிறந்த ஹெர்ட்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் டிம்ஸ்டேல் 1768இல் ரஷ்யா சென்று பேரரசி கேத்தரினுக்கே அதைச் செய்து பிரபுப் பட்டம் பெற்றார். எதிர்முனையில் நியூ ஜெர்சித் தையல்காரர் ஜான் உல்மன். அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராக நடந்தவர். சாயத்துக்குப் பின்னால் வீண் பகட்டைக் கண்டு வெளுத்த நிறமற்ற துணியே உடுத்தினார். அம்மை குத்திக்கொள்வது பற்றி அவருக்கு ஆழ்ந்த தயக்கம் இருந்தது. 1772இல் இங்கிலாந்து வந்தவர் யார்க் நகரில் பெரியம்மையில் விழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் உழைப்பு கலந்த வழியாக வந்த எந்த மருந்தும் தனக்கு வேண்டாம் என்று படுக்கையிலும் சொன்னார். அடிமைகள் விளைத்த சர்க்கரையை மறுத்தவருக்கு மருந்துப் புட்டியும் விலக்கு. அக்டோபர் 7 அன்று இறந்தார். அந்தக் கடைசி நாட்களில் அவரைக் கவனித்தவர்களில் தேயிலை வணிகர் வில்லியம் டூக்கின் வீட்டுப் பெண்களும் உண்டு.

டூக் பெயர் பிறகு வேறொரு காரணத்துக்காக நிலைத்தது. 1790இல் லீட்ஸைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் விதவை மனநோயால் யார்க் மனநோயாளர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். பார்க்க வந்த நண்பர்களை நிர்வாகம் உள்ளே விடவில்லை. சில வாரங்களில் அவர் இறந்தார். நோயாளியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதையே வைத்தியத்தின் பாதியாகக் கருதிய சமூகத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. டூக் பணம் திரட்டி 1796இல் ஊருக்கு வெளியே மேட்டில் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். சங்கிலி கிடையாது. ஜன்னலின் இரும்புச் சட்டம் மரம் போலத் தோன்றும்படி செய்யப்பட்டது. முற்றத்தில் முயலும் கோழியும் வளர்த்தார்கள். நோயாளிகள் நல்ல உடை உடுத்தித் தேநீருக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே தங்கியவர்களும் கவனித்தவர்களும் சேர்ந்து 'குடும்பம்' எனப்பட்டார்கள். முதல் மருத்துவர் தாமஸ் ஃபவுலர் இரத்தம் எடுப்பதையும் பேதியையும் முயன்று பார்த்து, மனச்சோர்வுக்கு வெந்நீர்க் குளியல் தவிர வேறு எதனாலும் பெரிய பயன் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். தன் தொழிலின் கருவிகளை இப்படி ஒதுக்கி வைக்க ஒரு மருத்துவருக்குத் தனி நேர்மை வேண்டும்.

வில்லியமின் பேரன் சாமுவேல் டூக் 1813இல் எழுதிய விவரணை நூல் இந்த முறையை அட்லான்டிக் கடந்து கொண்டுபோயிற்று. பிலடெல்பியா குவேக்கர்கள் 1817இல் ஃபிராங்க்ஃபோர்டில் அதே மாதிரி இல்லம் திறந்தார்கள். தேநீர் மேசையில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்ற அந்தப் பார்வையும் ஒரு சங்கிலிதான் என்று மிஷேல் ஃபூக்கோ 1961இல் வாதிட்டார். குவேக்கர் குடும்பங்களின் உள்ளே வளர்ந்தவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. அன்போடு கண்காணிப்பது அந்தச் சபையின் பழைய பழக்கம். இருவர் மூவர் குழுவாக வீட்டுக்கு வந்து, கடன் வாங்கியதையும் குடித்ததையும் சபைக்கு வெளியே காதலித்ததையும் மென்மையாக விசாரிப்பார்கள். எலிசபெத்தின் கடைசி மகள் மாலி 1796இல் வீட்டுக்குத் தெரியாமல் போய் நீதிபதி முன் திருமணம் செய்துகொண்டபோது டிரிங்கர் வீடே அந்த விசாரணையைச் சந்தித்தது. தந்தை நெடுநாள் முகம் கொடுக்கவில்லை. தாய் போய்ப் பார்த்தார்.

மருத்துவத் தொழிலில் குவேக்கர்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறித் தென்பட்டதற்கு வெளிக்காரணமும் உண்டு. பிரமாணம் செய்ய மறுத்ததால் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அரசு வேலையும் அவர்களுக்கு மூடியிருந்தன. எடின்பரோவில் மருத்துவம் படிக்கலாம், மருந்துக்கடை வைக்கலாம். யார்க்ஷயரின் ஜான் ஃபாதர்கில் 1748இல் புண்ணோடு வரும் தொண்டை நோயை விவரித்து எழுதிய நூலால் லண்டனில் பெயர் பெற்றார். 1779இல் அக்வொர்த் பள்ளியை நிறுவியவரும் அவரே. மேற்கிந்தியத் தீவில் பிறந்த அவருடைய சீடர் ஜான் கோக்லி லெட்சம், தந்தைவழி வந்த அடிமைகளை விடுவித்துவிட்டு லண்டன் வந்து, 1770இல் ஏழைகளுக்கான பொது மருந்தகம் தொடங்கினார். அங்கே மருத்துவர் நோயாளியின் வீட்டுக்கே போவார். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பெயர்க்காமல் பார்ப்பது இந்த மருந்தகங்களின் தனித்தன்மை.

டிரிங்கர் வீட்டில் மகன் வில்லியம் நெஞ்சுநோயோடு, மணம் செய்யாமல், பெற்றோருடன் தங்கினார். தாயும் மகனும் ஒருவர் இருமலை ஒருவர் கவனித்தபடி புத்தகம் படித்தார்கள். சாலியின் நோய் புற்று. 1807 செப்டம்பரில், 46 வயது நிறையும் முன்பு, அவள் இறந்தாள். அந்தச் சாவிலிருந்து தாய் எழவில்லை. நவம்பரில், சாவதற்குச் சில நாள் முன்பு வரை எழுதிக்கொண்டிருந்து, 24ஆம் தேதி எலிசபெத் காலமானார்.

சாவின் சடங்கும் எளிமையானது. உடலைச் சாதாரணப் பெட்டியில் வைத்து வீட்டில் சிறிது நேரம் மௌனமாக அமர்வார்கள். பிறகு சுமந்து போவார்கள், குழியருகே யாருக்காவது சொல் எழுந்தால் பேசுவார்கள். கடைசி மூச்சின்போது சொன்ன சொற்களை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்வார்கள். இப்படிச் சேர்ந்தவற்றின் தொகுப்பு 1701 முதல் தொடர்ந்து அச்சாகிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கப்பட்டது. கல்லறைக் கற்கள் கூடாது. செல்வனுக்கும் ஏழைக்கும் வேறுபாடு காட்டும் என்று 1717இல் லண்டன் ஆண்டுக் கூட்டம் இருந்தவற்றையும் அகற்றச் சொன்னது. ஒரே அளவான எளிய கல்லை 1850இல்தான் அனுமதித்தார்கள். பிலடெல்பியா ஆர்ச் தெருவில் பென் கொடுத்த இடுகாட்டில் ஒரு நூற்றாண்டாகப் பெயரில்லாமல் புதைத்தார்கள். 1793இன் காய்ச்சலில் மாண்டவர்களும் அங்கேதான் போனார்கள். பெயர்ப்பலகை இல்லாத அந்த நிலத்தின் மேலேயே 1804இல் புதிய வழிபாட்டுக் கூடம் எழுந்தது. பெண்களின் ஆண்டுக் கூட்டத்துக்கான மேற்குச் சிறகு 1811இல் சேர்ந்தது. கூடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.